வரி இங்கே, ஓட்டு ஊரிலே

(ஆகஸ்ட் 15, 2025 அன்று நம் குடியிருப்பில் கொடியேற்றத்துக்குப் பின் பேசியது. காலை ஷிப்டில் இருந்தவர்கள் கேட்டதால் செய்திமடலுக்கு எழுதித் தந்தது.)

அடுத்து குழந்தைகளின் மாறுவேடப் போட்டி. அங்கே ஒரு பாரதியாருக்கு மீசை ஒட்டாமல் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்.

இன்று 11 மணிக்கு நம் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. நம் கேட்டிலிருந்து நடந்தே போகலாம். கையைத் தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. ஆனால் இங்கே இருப்பவர்களில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போனவர்கள் மிகக் குறைவு என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வரை நானும் போனதில்லை.

போக வைத்தது ஒரு தெருவிளக்கு. மெயின் ரோட்டிலிருந்து நம் கேட் வரை உள்ள இருட்டு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்கள் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. நாங்கள் நாலு பேர் மனு எழுதிக்கொண்டு போனோம். அந்த வார்டு உறுப்பினர் மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுவதையும் கேட்டார். கடைசியில் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அபார்ட்மென்ட்ல எத்தனை ஓட்டு இருக்கும் சார்?"

எங்களிடம் பதில் இல்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வரி கட்டுகிறோம், இவர் ஓட்டுக் கணக்கு பார்க்கிறாரே என்று. வீட்டுக்கு வந்து தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் நம் பாகத்தின் வாக்காளர் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். இத்தனை பிளாக், இத்தனை மாடி. நம் ஆட்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டார்கள். என் பெயர் அதில் இல்லை. இங்கே குடிவந்து எட்டு வருஷம் ஆகியும் என் ஓட்டு செய்யாறு பக்கம் சொந்த ஊரில்தான் இருந்தது. அவர் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது.

விஷயம் இதுதான். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாக வீடு வீடாக வந்து யாரும் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலையே மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் ஊராட்சி எல்லைக்குள் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். அவர்தான் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போடலாம், 21 வயது ஆகியிருந்தால் நிற்கவும் செய்யலாம். பெயர் இல்லாதவர் கிராம சபைக்கு வந்தால் விரட்ட மாட்டார்கள், வேடிக்கை பார்க்கலாம். ஆனால் வீட்டு வரியை மட்டும் பட்டியல் பார்க்காமல் எல்லோரிடமும் வாங்கிக்கொள்வார்கள்.

கிராம ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு என்பது இங்கே பலருக்கும் தெரியாது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. தெருவிளக்கு, குடிநீர், ஊராட்சிச் சாலை, குப்பை எல்லாம் முதலில் வந்து நிற்பது அந்த வெள்ளை, இளஞ்சிவப்புச் சீட்டுகளில் ஜெயித்தவர்களிடம்தான். (மெயின் ரோட்டுப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறையுடையது, கரன்ட் கட் மின்வாரியத்துடையது. அதற்கெல்லாம் ஊராட்சித் தலைவரைத் திட்டி குரூப்பில் எழுதாதீர்கள், பாவம்.)

நாம் இதை மறந்ததற்கு நாம் மட்டும் காரணம் இல்லை. 2011-க்குப் பிறகு 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோதும், பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் என்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பதை விட்டுவிட்டார்கள். நமக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஆக முழுசாக ஐந்து வருஷம் இந்த ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். இங்கே பல அபார்ட்மென்ட்களில் ஆள் குடியேறியது அந்த வருஷங்களில்தான். வந்த நாளிலிருந்து தேர்தலையே பார்க்காதவருக்கு ஊராட்சி என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும்?

2021-இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அந்த 27 மாவட்டங்களுக்கு இந்த ஜனவரியிலேயே முடிந்து, அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். நமக்குத் தேர்தல் சரியான நேரத்துக்கு வருமா என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. வரும்போது நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அந்த 2021 தேர்தலில் ஒன்பது மாவட்டங்களிலும் சேர்த்து 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. நாலு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புறத் தேர்தல். மாநிலம் முழுவதும் சுமார் 60.7 சதவீதம், சென்னை மாநகராட்சியில் 43.59. படித்தவன் ஓட்டுப் போடுவதில்லை என்று சென்னையைத் திட்டுவது சுலபம். நான் அப்படிப் பார்ப்பதில்லை. வீடு மாறிப் போனவர், ஊரை விட்டு வந்தவர் பெயரெல்லாம் பழைய பட்டியலிலேயே நின்றால் சதவீதம் தானாகக் குறையும். நம் விஷயத்தில் அந்தக் கணக்கே வேறு. நாம் இங்கே பட்டியலிலேயே இல்லை. அதனால் நாம் போடாத ஓட்டு எந்தச் சதவீதத்திலும் தெரியாது. 80 சதவீதம் பதிவு என்று பேப்பரில் வரும், அதில் நாம் வந்தவராகவும் இருக்க மாட்டோம், வராதவராகவும் இருக்க மாட்டோம்.

அதே அக்டோபரில் கோவை பக்கம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு இடைத்தேர்தல் நடந்தது. நின்ற ஒருவருக்கு மொத்தமே ஒரு ஓட்டு. வீட்டில் இருப்பவர்கள்கூடப் போடவில்லையே என்று நாடே சிரித்தது. அவருடைய குடும்பத்தின் ஓட்டு வேறு வார்டில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் இங்கே யாரையாவது நிறுத்தினாலும் அவர் கதி அதுதான். மாலை போட நூறு பேர் வருவோம், ஓட்டுப் போட முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் நம் மாவட்டத்து கிராமம்தான். அங்கே கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள், மிகச் சிலரே ஓட்டுப் போட்டார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இங்கேயே நமக்குள் பல கருத்து இருக்கும், அது வேறு பேச்சு. அவர்கள் ஓட்டுப் போடாததை ஊரே கவனித்தது, ஏனென்றால் போட ஓட்டு இருந்தது. நாம் புறக்கணித்தால் நமக்கே தெரியாது.

சரி, ஏன் மாற்றாமல் இருக்கிறோம்? நான் கேட்ட வரையில் சோம்பேறித்தனம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். ஓட்டை மாற்றினால் ஊரில் நிலத்துக்குச் சிக்கல் வருமா, ரேஷன் கார்டு போய்விடுமா என்று கேட்கிறார்கள். வராது, போகாது. அவை தனி, இது தனி. கோயில் வரி, பங்காளி உறவு எதுவும் இதனால் அறுந்துவிடாது. எங்கள் வீட்டில் அம்மாதான் கொஞ்சம் வருத்தப்பட்டார், "அப்போ எலெக்‌ஷனுக்கு வர மாட்டியாடா?" என்று. அது நிஜமான இழப்புதான். தேர்தல் நாளில் ஊர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில் பழைய சிநேகிதர்களோடு நிற்பது எனக்கு இனி கிடையாது. ஆனால் நான் இல்லாத ஊரின் வாய்க்காலுக்கு நான் ஓட்டுப் போடுவதும், என் மகள் நடக்கும் இருட்டுச் சாலைக்கு ஓட்டு இல்லாமல் இருப்பதும் தலைகீழாக இருக்கிறது என்று அம்மாவே ஒத்துக்கொண்டார்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது, இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வதும் கூடாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "நாங்க டெனன்ட்தானே" என்று ஒதுங்காதீர்கள். நம் மாவட்டத்தில் மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், நான் பாதியில் சொல்கிறேன். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுப்படி பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். யுடிஎஸ் பத்திரம் வைத்திருக்கும் நம் ஓனர்களே தேற மாட்டார்கள்! இன்றைக்கு வாடகை ஒப்பந்தம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். கல்வெட்டை விட நாம் முன்னே வந்திருப்பது அந்த ஒரு இடத்தில்தான், அதையும் விட்டுவிட வேண்டாம்.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. தொழிற்சாலைகளை நம்பி வந்த நம்மைப் போன்றவர்கள் இந்தச் சாலை நெடுக எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக் குழு மானியம் கணக்குப் பார்ப்பது 2011 மக்கள்தொகையை. அப்போது நம் குடியிருப்பு நின்ற இடம் வெறும் மேய்ச்சல் காடு. பணக் கணக்கிலும் இல்லை, ஓட்டுக் கணக்கிலும் இல்லை என்றால் விளக்குக் கம்பம் மட்டும் எப்படி வரும்?

நமக்குள்ளும் ஒன்று திருத்த வேண்டும். 2021-இல் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரை நம் செக்யூரிட்டி அண்ணன் கேட்டிலேயே நிறுத்தி, "அசோசியேஷன் பர்மிஷன் இல்லை" என்று அனுப்பிவிட்டார். அவர் தப்பு இல்லை, நாம் போட்ட ரூல். பீட்சா வருகிறது, வேட்பாளர் வரக் கூடாதாம். அடுத்த முறை நாள் ஒதுக்கி, எல்லா வேட்பாளர்களையும் இதே கிளப் ஹவுஸில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று பொதுக்குழுவில் வைக்கப் போகிறேன். பொதுக்குழுவுக்கே கோரம் இல்லாமல் அரை மணி நேரம் தள்ளி வைத்து, வராதவரைச் செயலாளராக்கும் சங்கம் நாம் என்பதும் தெரியும். போன வருஷம் அப்படி மாட்டியவன்தான் நான்.

செய்ய வேண்டியது: ஏற்கெனவே வேறு ஊரில் பெயர் உள்ளவர்கள் படிவம் 8. புதிதாகச் சேர்பவர்கள் படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 முடிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். கல்லூரி போகும் பிள்ளைகளை மறக்காதீர்கள். மொபைலில் வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்பிலேயே முடியும். ஆதாரமாக வாடகை ஒப்பந்தமோ, வங்கிப் பாஸ்புக்கோ, கேஸ் அல்லது கரன்ட் பில்லோ இந்த முகவரியில் இருக்க வேண்டும். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் காலை 10 முதல் 12 வரை பி பிளாக் லாபியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். ஆப் பிடிபடாத பெரியவர்கள் அங்கே வந்தால் போதும், மேலே ஏறி வரச் சொன்னாலும் வருகிறேன்.

கிராம சபைக்கு வருகிறவர்கள் 10:40-க்கு கேட் பக்கம் வாருங்கள், சேர்ந்தே நடக்கலாம். தெருவிளக்கு மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கண்டிப்பாக வர வேண்டும், தீர்மானத்துக்குக் கை தூக்க உங்களால்தான் முடியும். லட்டு அந்த மேஜையில் இருக்கிறது. பாரதியாரைக் கூப்பிடுங்கள்.