பிள்ளைகளைப் பற்றிய அச்சமும் பிரிவுத் துயரமும்

(மக்தப் மதரஸா மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில், தெள்ளார் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

அண்மைக் காலமாக மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தண்ணீருக்கு ஓதித் தருமாறு கேட்டு வரும் தாய்மார்களில் பலர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, கண்ணேறு என்றோ சொல்வதில்லை. "ஹஜ்ரத், பிள்ளை வேனில் ஏறியதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. திரும்பி வரும்வரை ஒரு வேலையும் ஓடவில்லை" என்கிறார்கள். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கொடுமை, அன்று மாலையே கைப்பேசியில் நம் அடுப்படிக்கு வந்து விடுகிறது. 2014 டிசம்பர் 16இல் பெஷாவரில் ராணுவப் பள்ளிக்கூடம் ஒன்றினுள் புகுந்த துப்பாக்கிக்காரர்கள் 130க்கும் அதிகமான பிள்ளைகளைக் கொன்றார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தவர்களுக்கு மார்க்கத்தில் பங்கில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் கடந்துபோக முடியாது. 2022 மே மாதம் 24ஆம் நாள் அமெரிக்காவின் உவால்டி என்னும் சிற்றூரில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவற்றைப் பார்த்த தாய்க்கு உறக்கம் வருமா?

துப்பாக்கி நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வந்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் காலையில் தலைவாரி அனுப்பிய பிள்ளையை நண்பகலில் இழந்த பெற்றோர் நம் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். கும்பகோணத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது.

2004 ஜூலை 16. வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்திற்குள் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. கீழே கீற்று வேய்ந்த சமையற்கூடத்தில் சத்துணவு சமைத்துக் கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய தீ கீற்றைப் பற்றி, மாடியில் சிறு பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்புகளின் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்ததோ ஒரு குறுகிய படிக்கட்டு. எரியும் கூரை பிள்ளைகளின் தலைமீது சரிந்தது. 94 பிஞ்சுகள் மாண்டு போயின. பெரும்பாலோர் தொடக்க வகுப்புப் பிள்ளைகள். கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போயிருந்த பெற்றோர் ஓடிவந்தபோது, தம் பிள்ளை எது என்று அடையாளம் காண்பதே அவர்களுக்குப் பெரும் சோதனையாயிற்று. நாம் ஜும்ஆவுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த நேரத்தில் அங்கு இவ்வளவும் நடந்து முடிந்திருந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 16இல் அப்பெற்றோர் பிள்ளைகளின் படங்களை வைத்துக் கண்ணீர் வடிக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படி அழுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு அல்லாஹ்வின் வேதத்திலேயே விடை இருக்கிறது.

சூரா யூஸுஃபை ஓதிப் பாருங்கள். யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளையை இழந்த தந்தை மட்டுமல்லர். இழப்பதற்கு முன்பே அஞ்சிய தந்தையும் ஆவார்கள். யூஸுஃபை விளையாட அழைத்துச் செல்கிறோம் என்று மற்ற மக்கள் கேட்டபோது, நீங்கள் கவனமற்றிருக்கும் வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாக அந்த நபி வாய்விட்டுச் சொன்னார்கள். ஆகவே, தாய்மார்களே, பிள்ளையை அனுப்பிவிட்டு நெஞ்சு படபடப்பது ஈமானின் குறைவு என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறகு இரத்தம் தோய்ந்த சட்டை வந்தது. அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்ன அதே நபி, கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்குத் துயரத்தை நெஞ்சுக்குள் அடக்கி அழுதார்கள். இன்னுமா யூஸுஃபை நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள், இதிலேயே மாய்ந்து போவீர்களே என்று பெற்ற மக்களே குறை கூறினார்கள். தம் துயரை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் பதில் அளித்தார்களேயன்றி, இனி அழமாட்டேன் என்று சொல்லவில்லை. அழகிய பொறுமையும் ஆண்டுக்கணக்கான கண்ணீரும் ஒரே நெஞ்சில் இருந்தன.

நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகன் இப்ராஹீமை மடியில் ஏந்தியிருந்தபோது குழந்தையின் உயிர் பிரிந்து கொண்டிருந்தது. புனிதக் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்று விளக்கம் தந்தார்கள். மார்பில் அடித்துக் கொள்வதையும், ஆடையைக் கிழித்துக் கொள்வதையும், ஒப்பாரி வைப்பதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது, கண்ணீரைத் தடுக்கவில்லை. துக்கம் அனுஷ்டிப்பதற்கு, கணவனை இழந்தவளுக்கு நீங்கலாக, மூன்று நாள் எல்லை உண்டு. அந்த எல்லை அலங்காரத்தைத் தவிர்ப்பது போன்ற வெளித் தோற்றத்திற்கே உரியது. உள்ளத்து வேதனைக்கு எந்தக் கிதாபிலும் நாள் குறிக்கப்படவில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. சூரிய கிரகணம் பிடித்தது. நபி மகன் இறந்ததற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை அடக்கிய துக்கத்திலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அதை விட்டுவிடவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்களுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். துயரம் நேர்ந்த வீட்டில் நாம் பேசும் பேச்சை இதை வைத்துச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பாவத்தால் நேர்ந்தது, அந்தச் சாபத்தால் நேர்ந்தது என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதுபடப் பேசுவோருக்கு மறைவான ஞானத்தை யார் கொடுத்தது? கும்பகோணத்துப் பிள்ளைகள் கூரை எரிந்ததால் இறந்தார்கள். வழி குறுகலாக இருந்ததால் இறந்தார்கள்.

ஒரு வாலிபர் நம்மிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாற்று மதத்தவர் வீட்டுப் பிள்ளைகளாயிற்றே, அவர்கள் நிலை என்ன? புகாரி ஷரீஃபில் ஸமுரா (ரலி) அறிவிக்கும் நீண்ட கனவு ஹதீஸ் இருக்கிறது. அதில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பூஞ்சோலையில் இப்ராஹீம் (அலை) அவர்களையும், அவர்களைச் சுற்றி ஏராளமான குழந்தைகளையும் கண்டார்கள். இயற்கை மார்க்கத்தில் இறந்த குழந்தைகள் அவர்கள் என விளக்கப்பட்டது. இணைவைப்போரின் குழந்தைகளுமா என்று தோழர்கள் கேட்டார்கள். ஆம், அவர்களும்தான் என்றே பதில் வந்தது. இது பற்றி உலமாக்களிடையே வேறு கருத்துகளும் உண்டு; இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியோர் சரி கண்டது இதையே. பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியின் பிள்ளை இறந்தால் நாம் போய் நிற்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

போய் நின்று என்ன செய்வது? முஃத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்கள் வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்றுதான் பெருமானார் (ஸல்) முதலில் ஏவினார்கள். அவர்களுக்குச் சமைக்கும் நினைவு இராது. நம் ஊரிலோ இது தலைகீழாக மாறி, மய்யித் வீட்டார் ஊருக்குச் சமைத்துப் போடும் வழக்கமும் சில வீடுகளில் நுழைந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பெருமானார் (ஸல்) அத்துடன் நிறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து நேரில் சென்று, ஜஃபருடைய சிறு பிள்ளைகளை அழைத்துவரச் செய்து, நாவிதரை வரவழைத்து அவர்கள் தலைமுடியைச் சீர் செய்வித்தார்கள். துயர வீட்டில் பெரியவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். மூலையில் நிற்கும் சிறுவனை யாரும் பார்க்கமாட்டார்கள். தம்பியை இழந்த அண்ணன், தோழியை இழந்த சிறுமி ஆகியோரின் துயரம் வாய் திறவாத துயரம். இரவில் அலறி எழுவார்கள், படுக்கையை நனைப்பார்கள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். அடித்து அனுப்பக் கூடாது. அருகில் படுக்க வைத்துக் கொள்ளுங்கள். இறந்தவனின் பெயரை வீட்டில் சொல்லவே கூடாது என்று சட்டம் போடாதீர்கள்.

இறந்த பிள்ளைக்குப் பதிலாக இன்னொன்று பிறக்கும் என்று ஆறுதல் சொல்லாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று பதிலாக வருவதற்குப் பிள்ளைகள் தறியில் ஓடும் ஊடையல்லவே. சொல்ல ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள்.

இழந்த பெற்றோரை அரிப்பது இன்னொன்று: "அன்று மட்டும் அனுப்பாமல் இருந்திருந்தால்!" வயிற்று வலி என்று பிள்ளை சொல்லியும் அனுப்பிய தாய் இந்த ஒரு வாக்கியத்தை ஆயிரம் முறை சொல்லிக் கொள்வாள். இந்த 'இருந்தால்' ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறக்கிறது என்பது நபிமொழியின் கருத்து. கல்வி கற்க அனுப்பியது குற்றமன்று. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் இல்லாது போனால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால், மருத்துவரிடம் போக வெட்கப்பட வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம், மனநோய்க்கு விலக்கு அளிக்கவில்லை. ஓதித் தருவதை நாம் நிறுத்தமாட்டோம். மருத்துவரிடம் போவதை நீங்கள் நிறுத்தாதீர்கள்.

கலா கத்ர் என்று சொல்லிக் கவனக் குறைவானவர்களைத் தப்பவிடுவதும் மார்க்கமன்று. தவறுதலாக ஓர் உயிர் பறிக்கப்பட்டாலும் குர்ஆன் பரிகாரமும் நஷ்டஈடும் விதிக்கிறது. நாட்டமில்லாமல் நிகழ்ந்தது என்பதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. கும்பகோணம் வழக்கில் 10 ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30இல்தான் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை உட்பட 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 11 பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தபோது அப்பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நீதி கேட்டு அலைவது பொறுமைக்கு முரணானது என்று யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்ய வேண்டாம்.

இனி அச்சத்தைப் பற்றி. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு குடியிருந்தவர்களோடு எரிந்துவிட்டது. செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தது. இந்த நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அணைத்து விடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் வேறோர் அறிவிப்பில் சொன்னார்கள். ஒரு வீடு எரிந்தது. ஊருக்கே விதி பிறந்தது. கும்பகோணத்திற்குப் பின் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அந்த விபத்தை அடுத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவியும் பாதுகாப்பான கட்டடமும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றது. அச்சத்தை இப்படிச் செயலாக மாற்றினால் அது அமலாகிவிடும். தொலைக்காட்சியில் அதே காட்சியைப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பத்து முறை பார்ப்பதால் ஒருவருக்கும் பயனில்லை. அத்தகைய படங்களை மற்றவர்களுக்கு அனுப்புவதையும் விட்டுவிடுங்கள்.

யஃகூப் (அலை) அவர்களிடமே திரும்புவோம். முதல் மகனை இழந்த பிறகு, கடைசி மகனையும் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அனுப்பாமல் பூட்டி வைக்கவில்லை. உறுதிமொழி வாங்கினார்கள்; எல்லாரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் பல வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்று வழி சொன்னார்கள்; அல்லாஹ்வின் நாட்டத்தைத் தம்மால் தடுக்க இயலாது என்றும் அப்போதே சொல்லித் தவக்குல் வைத்தார்கள். நாமும் அப்படியே அனுப்ப வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் பாதுகாப்புத் தேடி ஓதிய துஆவை, இப்ராஹீம் (அலை) தம் மக்களுக்கு ஓதிய அதே துஆவை, மக்தபில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். காலையில் தலையில் கை வைத்து ஓதி அனுப்புங்கள். வந்தவாசிக்குப் போகும் வேனில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், ஓட்டுநர் யார், பள்ளிக்கூடத்தின் மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்று தந்தைமார் ஒருநாள் போய்ப் பாருங்கள். தறியை விட்டு எழுந்தால் அரைநாள் கூலி போகும் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு போகலாமே.

பல வாசல் என்ற சொல்லை ஓதும்போது நம் மக்தபுதான் நினைவுக்கு வருகிறது. மேல்மாடியில் பிள்ளைகள் ஓதுகிறார்கள், படிக்கட்டு ஒன்றுதான். பின்பக்கக் கதவு ஒன்று இருக்கிறது. அதன் முன்னே நோன்புக் கஞ்சி அண்டாக்களும் பழைய கோரைப் பாய்களும் கூரை தொட அடுக்கப்பட்டிருக்கின்றன. ரமளானில் கஞ்சி காய்ச்சும் விறகடுப்பும் அந்தச் சுவரை ஒட்டியே மூட்டப்படுகிறது. அடுப்பை மையவாடிப் பக்கத்துத் திறந்த வெளிக்கு மாற்றுவதற்கும், பின்புறம் இரும்புப் படிக்கட்டு ஒன்று அமைப்பதற்கும் நிர்வாகக் குழு ஒப்புதல் தந்திருக்கிறது. படிக்கட்டுக்கு நன்கொடை தருவோர் பொருளாளரிடம் ரசீது பெற்றுக் கொள்ளலாம். அண்டாக்களை அப்புறப்படுத்துவதற்குப் பணம் வேண்டியதில்லை. வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு வாலிபர்கள் அரைமணி நேரம் தங்கினால் போதும். நாமும் உடன் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.