கடன் மதிப்பெண்ணும் நம் நாணயமும்

(விழாவையொட்டி நடைபெற்ற குடும்பநல அமர்வில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

விழா மேடையில் கடனைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா என்று பெரியவர் ஒருவர் சற்று முன்னர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இல்லறத்தார்க்கு உரிய ஐந்து விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. கடனின்றி வாழ இயலுமானால் அதனினும் நன்று வேறில்லை. ஆயினும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், குடியிருக்க ஒரு வீடு, நிலத்துக்கு ஒரு கிணறு என்று வரும்போது நம்மில் பெரும்பாலோர் வங்கியின் படியேற வேண்டியிருக்கிறது. ஏறிய பின்னர் வருந்துவதைவிட, ஏறுவதற்கு முன்னரே அறிந்துகொள்வது நலம் என்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். நம் பாட்டனார் காலத்தில் ஒருவருடைய நாணயத்தை ஊரே அறிந்திருந்தது. அறுவடை முடிந்ததும் இவர் தவறாமல் வந்து கணக்கை முடிப்பார் என்று நெல் மண்டிக்காரர் நினைவில் வைத்திருந்தார். இன்று கடன் கொடுப்பவர் நம் முகத்தை அறியார்; நம் குடும்பத்தை அறியார். ஊராரின் நினைவு இருந்த இடத்தில் இப்போது கணினியில் ஓர் ஏடு இருக்கிறது. அந்த ஏட்டின் சுருக்கமே கடன் மதிப்பெண்.

நம் நாட்டில் இவ்வேட்டைப் பேணும் முதல் நிறுவனமாகிய சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குகின்றன. நாம் கட்டும் ஒவ்வொரு தவணையும், கட்டத் தவறும் ஒவ்வொரு தவணையும் இந்நிறுவனங்களின் ஏட்டில் பதிவாகின்றன. அப்பதிவுகளைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் அளிக்கப்படுகிறது. பொதுவாக 750-க்கு மேல் இருப்பின் வங்கிகள் தயக்கமின்றிக் கடன் தர முன்வருகின்றன.

இதன் வலிமையை நான் ஒரு குடும்பத்தின் வழியாக அறிந்துகொண்டேன். அதை இந்த அவையில் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் சொல்லியாக வேண்டும்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த என்னை, வங்கிப் பணி தெற்கே விருதுநகர் மாவட்டத்துக்கு அழைத்துச் சென்றது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்திருக்கும் வ. புதுப்பட்டி என் கிளையின் எல்லைக்குள் இருந்தது. தென்னையும் நெல்லும் விளையும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நீங்கள் அறிவீர்கள். அந்த வட்டாரத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்க்குப் பால் விற்பதில் தடையில்லை. அவ்வூரைச் சேர்ந்த உழவர் ஒருவர் இரண்டு கறவை மாடுகளுக்காக எங்கள் கிளையில் கடன் பெற்றார். ஓராண்டு ஒழுங்காகக் கட்டினார். பின்னர் ஒரு மாடு நோயில் இறந்தது. காதில் இருக்க வேண்டிய காப்பீட்டு வில்லை எப்போதோ விழுந்துவிட்டிருந்ததால் இழப்பீடு கிடைக்கவில்லை. தவணைகள் நின்றன, கணக்கு வாராக்கடன் ஆயிற்று.

பின்னர் மக்கள் நீதிமன்றத்தில் அவரை அமரவைத்துப் பேசினோம். நிலுவை 62 ஆயிரம் ரூபாய். அவர் 40 ஆயிரம் கட்டுவது, மீதி 22 ஆயிரத்தை வங்கி விட்டுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. உறவினரிடம் கைமாற்று வாங்கி அவர் அத்தொகையை ஒரே நாளில் கட்டினார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “கடன் முடிந்தது அண்ணாச்சி, இனி ஒரு கவலையும் இல்லை” என்றேன்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு கிளைக்கு மாறியிருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் மகளுடன் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். அந்தப் பெண்ணுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கல்விக்கடனில் தந்தை இணைக் கடன்தாரர். அவருடைய ஏட்டைப் பார்த்த வேறொரு வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. “கடன் முடிஞ்சிருச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

கடன் அறிக்கையில் ‘முழுமையாகக் கட்டி மூடப்பட்டது’ என்பது ஒன்று. ‘குறைத்துக் கட்டித் தீர்வு செய்யப்பட்டது’ என்பது மற்றொன்று. அவருடைய கணக்கு இரண்டாவது வகையில் நின்றது. அப்பதிவு, இவர் வாங்கியதை முழுதும் திருப்பவில்லை என்றே பின்வரும் வங்கிகளுக்குச் சொல்லும். இது எனக்குத் தெரியும். தீர்வு முடிந்த மகிழ்ச்சியில் அவருக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிழை என்னுடையது.

பிறகு அவர் விட்டுக்கொடுக்கப்பட்ட 22 ஆயிரத்தையும் திரட்டிப் பழைய கிளையில் கட்டினார். நிலுவையின்மைச் சான்று பெற்று, ஏட்டில் ‘மூடப்பட்டது’ என மாற்றுவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறு ஆண்டுதான் படிப்பில் சேர்ந்தாள். இன்று அவள் செவிலியர். ஆனால் அந்த ஓராண்டை நான் திருப்பித் தர இயலாது.

அன்பர்களே, தீர்வு காண்பது தவறென்று நான் சொல்லவில்லை. வேறு வழியில்லாதபோது அதுவே வழி. ஆனால் தீர்வுக் கடிதத்தில் ஒப்பமிடும் முன், ‘என் கணக்கு ஏட்டில் எவ்வாறு பதியப்படும்? மீதியைப் பின்னர் கட்டினால் மாற்றித் தருவீர்களா?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வங்கி சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

இனி மதிப்பெண் எவற்றால் உயர்கிறது, எவற்றால் தாழ்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, நாள் தவறாமை. எல்லாவற்றினும் பெரியது இதுவே. அறிக்கையில் கடந்த 36 மாதங்களின் தவணை வரலாறு, எத்தனை நாள் தாமதம் என்ற கணக்குடன் இருக்கும். 90 நாட்களைத் தாண்டிய நிலுவை வாராக்கடன் ஆகிவிடும். பணம் இருந்தும் மறதியால் தவறுவோர் பலர். தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கணக்கில் தொகையை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கடன் அட்டையை அளவோடு பயன்படுத்துதல். ஒரு இலட்சம் ரூபாய் வரம்புள்ள அட்டையில் 30 ஆயிரத்துக்குள் செலவைக் கட்டுப்படுத்துவது நல்ல வழக்கம். மாதந்தோறும் வரம்பின் விளிம்பைத் தொடுபவரை, வருவாய் போதாமல் தவிப்பவராக ஏடு கருதும். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் தவணை தவறியதாகாது. ஆனால் மீதிக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேலும் வட்டி ஏறக்கூடும்.

மூன்றாவது, அடுத்தடுத்து விண்ணப்பிக்காமை. ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் கடன் கேட்டால் ஐந்து விசாரணைகளும் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அந்த அச்சம் வேண்டாம்.

நான்காவது, பிணைக் கையெழுத்து. நம் குடும்பங்களில் மைத்துனர் கேட்டார், சம்பந்தி கேட்டார் என்று மறுக்க இயலாமல் ஒப்பமிடுகிறோம். அவர் கட்டாவிட்டால் அக்கடன் நம் மேல் வரும். நம் ஏட்டிலும் நிற்கும். உறவுக்காக ஒப்பமிடுவதாயின், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதியுடன் ஒப்பமிடுங்கள். தவணை கட்டப்படுகிறதா என்று அவ்வப்போது கேட்டும் அறியுங்கள். கேட்பதால் உறவு கெடாது. கேளாமல் விட்டதால் கெட்ட உறவுகளை என் பணிக்காலத்தில் பல கண்டிருக்கிறேன்.

இளைஞர்களுக்குத் தனியே ஒரு சொல். கைபேசியைத் தவணையில் வாங்குவதும், செயலியில் ஐயாயிரம் ரூபாய் எடுப்பதும் கடனே. பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாற்றில் தவறுகள் இருந்தமையால் திரும்பப் பெறப்பட்டது. கடன் தவறாமை வேலை அறிவிப்பிலேயே நிபந்தனையாக இருந்தது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் அம்முடிவில் தலையிட மறுத்தது. ஆகவே இந்த ஏடு வேலைவாய்ப்பையும் தொடக்கூடும்.

இதுவரை கடனே வாங்காதவர் அஞ்ச வேண்டியதில்லை. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. எனினும் சிறு வரலாறு ஒன்று இருப்பது நல்லது. வைப்புத்தொகையின் பேரில் ஒரு கடன் அட்டை பெற்று, வீட்டுச் செலவைச் சிறிதளவு அதில் செய்து, முழுத் தொகையையும் நாளுக்குள் கட்டிவந்தால் போதும். இதற்கென்று தேவையற்ற கடன் வாங்க வேண்டாம்.

ஏட்டில் பிழை இருந்தால் என் செய்வது? நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. அவற்றின் இணையதளத்தில் பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பெறலாம். பெயர், பிறந்த நாள், கடன் கணக்குகள் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாக நிற்கலாம். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கலாம். அவ்வாறிருப்பின் அந்நிறுவனத்திலும் கடன் கொடுத்த வங்கியிலும் எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உரிமை உண்டு. இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் பயனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

பணம் கொடுத்தால் மதிப்பெண்ணை உடனே உயர்த்தித் தருகிறோம் என்பாரை நம்பாதீர்கள். உண்மையான பதிவை எவராலும் அழிக்க இயலாது. பிழையான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். பழைய நிலுவையைக் கட்டி முடித்து, அதன்பின் மாதந்தோறும் நாள் தவறாமல் கட்டிவருவதே மதிப்பெண் உயர்வதற்கான வழி. அதற்குச் சில மாதங்கள் ஆகும். பெருந்தவறு நேர்ந்திருந்தால் ஓரிரு ஆண்டுகளும் ஆகும். பொறுமை வேண்டும்.

நிறைவாக இந்த அவையிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் சேரும் ஆண்டிலேயே பெற்றோர் இருவரும் தம் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துவதற்கு அப்போது நேரம் இருக்கும். இணையம் பழகாத முதியோர்க்கு நம் இளைஞர்கள் அருகமர்ந்து எடுத்துக்கொடுங்கள். வ. புதுப்பட்டியில் ஒரு தந்தைக்கு நான் சொல்லத் தவறியதை இங்கே உங்கள் அனைவர்க்கும் சொல்லிவிட்டேன். இதனால் ஒரு பிள்ளையின் ஓராண்டு காக்கப்பட்டாலும் என் மனச்சுமை சற்றுக் குறையும்.