நட்ட பின்னர் யார் பார்ப்பது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நிலைபேறான அபிவிருத்தி பற்றியும் நாட்டின் தொலைநோக்கு பற்றியும் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். அடுத்த மூச்சில், “டொக்டர், அதுக்குப் பிறகுதான் சாப்பாடு” என்றும் சொன்னார். ஆகவே பாடும் மீன்களை நான் தொடப்போவதில்லை. எனக்கு முன் பேசியவர்கள் அவற்றைப் போதியளவு பாட வைத்துவிட்டார்கள்.

எங்கள் நாட்டில் தொலைநோக்குக்குப் பஞ்சமே இல்லை. மகிந்த சிந்தனை வந்தது, தொலைநோக்கு 2025 வந்தது, சுபீட்சத்தின் நோக்கு வந்தது. எழுதியவரின் பதவிக்காலத்தைத் தாண்டி இவற்றில் எதுவும் வாழவில்லை. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டு, 2030 ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. இலங்கையும் கையெழுத்து வைத்ததோடு நிற்காமல், 2017 இல் 19 ஆம் இலக்கச் சட்டமாக நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 இன் தொடக்கத்தில் பேராசிரியர் மொஹான் முனசிங்க தலைமையிலான ஜனாதிபதி நிபுணர் குழு, 2030 க்கான தொலைநோக்கு அறிக்கையைக் கையளித்தது. பொருளாதாரம், சமூகம், சூழல் ஆகிய மூன்றையும் சமநிலையில் கொண்டுபோக வேண்டும், ஒருவரையும் பின்னால் விடக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல அறிக்கை. அதே வருடம் நவம்பரில் ஜனாதிபதி மாறினார். பிறகு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் பசளை விடயத்தை மட்டும் சொல்லத்தான் வேண்டும். இரசாயனப் பசளையிலிருந்து பத்து வருடத்தில் விடுபடுவோம் என்பது 2019 தேர்தல் வாக்குறுதி. பத்து வருடம் என்பது நியாயமான காலம். 2021 ஏப்ரலில் அந்தப் பத்து வருடம் ஒரே இரவாகச் சுருங்கியது. இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகியபோது பெரும்போக விதைப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தப் போகத்தின் கதையை அவர்கள் கணக்கோடு சொல்வார்கள். சூழலைக் காப்பது தவறான நோக்கமா? இல்லை. ஆனால் யாரைக் கேட்டுச் செய்தார்கள்? மண் பழகுவதற்கு எத்தனை போகம் கொடுத்தார்கள்? நோயாளியைக் கேளாமல், அளவு பாராமல், உடனே நிறுத்து என்று சொன்னால், நல்ல நோக்கத்தோடு எழுதிய மருந்துச் சீட்டும் ஆளைக் கொல்லும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டால் நீண்டகால வேலை எதுவும் முடியாது என்று வெளிநாட்டிலிருக்கும் எங்கள் தோழிகள் சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் மலேரியாவை நாங்கள் ஒழித்திருக்கிறோம்.

என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். சுவருக்கு மருந்தடிக்க வருவார்கள். அன்று சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் முற்றத்துக்கு இறங்கும். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். பிறகு அந்தக் கசப்புக் குளிசை. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு இது பாட்டி கதை. அப்படி அவர்களுக்குக் கதையாகிப் போனதுதான் நான் சொல்ல வந்த வெற்றி.

ஆனால் அந்த வெற்றி ஒரு தடவை கைநழுவிப் போனது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்புத் தளர்ந்தது, பணம் வேறு பக்கம் போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரே வருடத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். சமுதாய மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு எண்களையும் கற்பிப்பார்கள். இதை அமைச்சரவைக் கூட்டத்திலும் ஒரு தரம் வாசித்தால் நல்லது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயம். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே இந்த வேலையும் நடந்தது. வாவிக்கு எழுவான்கரை ஒருவர் கையில், படுவான்கரை இன்னொருவர் கையில் இருந்த நாட்கள் அவை. பாணும் பற்றரியும் சோதனைச் சாவடியில் நின்றாலும், மலேரியாத் தடுப்பு ஊழியருக்கு இரண்டு தரப்பும் வழி விட்டன. 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த நோயாளர் எண்ணிக்கை, வருடம் வருடமாக இறங்கி, 2012 ஒக்டோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளியோடு நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இதற்கிடையில் எத்தனை ஜனாதிபதிகள், எத்தனை சுகாதார அமைச்சர்கள்! வேலையின் பெயர் மாறவில்லை, பதிவேடு மூடப்படவில்லை. இன்றும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தை நாங்கள் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 17 என்ற எண்ணை ஒருவரும் மறக்கவில்லை.

குடும்பநல உத்தியோகத்தரின் கதையும் இதே இனம். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் அந்தச் சேவைக்கு வேர். நமது சங்கத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. இன்றும் குருக்கள்மடத்திலோ குறுமண்வெளியிலோ பாதைக்காகக் காத்து நிற்கும் சனத்துக்குள், பையும் பதிவேடுமாக ஒரு மிஸ்ஸி நிற்பார். (வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் றோட்டு மட்டுமல்ல, வாவியைக் கடக்கும் படகுமாகும்.) அக்கரையில் எந்த வீட்டில் எத்தனையாவது மாதம் என்பது அவருக்கு மனப்பாடம். 2022 இல் நாடு கடன் கட்ட முடியாதென்று அறிவித்து, மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாங்கள் அல்லாடியபோதும் அந்தப் பதிவேடு நின்றுபோகவில்லை.

இனி வாவிக்கு வருகிறேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கொடுவாவும் இறாலும் நண்டும் தருவது, நகரத்து வடிகானையும் சொப்பிங் பையையும் வாங்கிக்கொள்வது, எல்லாம் இந்த ஒரே நீர்தான். கரையில் இருந்த கண்ணாக்காட்டில் ஒரு பங்கு யுத்த காலத்தில் பாதுகாப்பு என்று வெட்டுப்பட்டது, இன்னொரு பங்கு இறால் பண்ணைக்குப் போனது. சுனாமிக்குப் பிறகு எல்லோருக்கும் கண்டல் ஞாபகம் வந்தது. நாடெங்கும் நட்டார்கள், படம் எடுத்தார்கள், பதாகையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். றுகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி நட்ட 23 இடங்களைத் திரும்பிப் போய்ப் பார்த்து, 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இனம், பொருந்தாத நிலமட்டம், மாடு மிதித்தது, எல்லாவற்றுக்கும் மேலாக நட்டபின் பார்க்க ஆளில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்த இடங்களில் கன்று பிழைத்தது. சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியைக் காயம் கட்டாமல் அனுப்பினால் என்ன நடக்குமோ அதேதான் இதுவும்.

2015 இல் தன் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக அறிவித்த முதல் நாடு இலங்கை. 2024 இல் எங்கள் கண்டல் மீளமைப்பு வேலையை ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியான திட்டங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது. ஆகவே தெரியாத வேலையல்ல. தெரிந்தும் விட்டுவிடுகிற வேலை.

வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை மரம் நட்டுத் தீர்க்க முடியாது. மார்கழி மழையில் நீர் ஏறினால் முகத்துவாரம் வெட்டவேண்டும் என்று படுவான்கரை விவசாயி கேட்பார், வயல் தாழ்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று மீன்பிடிப்பவர் சொல்வார், உப்பு ஏறினால் வாவியின் குணம் மாறும், அவருடைய பிழைப்பும் மாறும். இரண்டு பேரும் சொல்வது சரி. தமிழரும் முஸ்லிம்களும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். கச்சேரியில் நடக்கும் கூட்டத்தில் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர் குறைவு, குரலை வைத்துப் பேசுபவர் அதிகம். வாவி நீரின் உயரமும் உப்பும் கிழமைக்குக் கிழமை, வருடக்கணக்காக எழுதப்பட்ட ஒரு கொப்பி அந்த மேசையில் இருந்தால், பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

அந்தக் கொப்பியை எழுத யாரால் முடியும்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும் ஒருவரால் முடியாது. இந்தச் சங்கத்தைப் பாருங்கள். உலக யுத்தம், 1957 வெள்ளம், 1978 சூறாவளி, முப்பது வருட யுத்தம், சுனாமி எல்லாவற்றையும் கடந்து, கூட்டக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம். கையெழுத்துத்தான் மாறியது.

நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று பேசப்படுவது எனக்குத் தெரியும். வளைவு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சரி, வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஆகும் பெருந்தொகையை ஒரே தரம் கேட்பதை விட்டு, சிறு தொகையைப் பத்து வருடத்துக்கு மாதாமாதம் கேளுங்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் இரண்டு துறைகளில் நீரின் உயரம், உப்பு, வெப்பம் மூன்றையும் அளந்து எழுதட்டும். கருவிகள் விலை கூடியவை அல்ல. கரையில் ஒரு சிறு துண்டில், அங்கே மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் சொல்லும் இனத்தை நடுவோம். பார்த்துக்கொள்வதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுப்போம். பக்கத்துப் பாடசாலைகளையும், சிங்கள, முஸ்லிம் பாடசாலைகளையும் கேட்போம். எங்கள் துறைக்கும் அவர்கள் துறைக்கும் ஒரே நீர்தானே. அளவுகள் மாதம் ஒரு தரம் கச்சேரிக்கும், இந்தச் சங்கத்தின் உலகக் கிளைகளுக்கும் போகட்டும்.

லண்டன், ரொறன்ரோ, சிட்னி அக்காமாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் தனியாக உண்டு. 2022 இல் நீங்கள் அனுப்பிய மருந்துப் பெட்டிகளால் எங்கள் விடுதிகளில் ஆட்கள் பிழைத்தார்கள், அதற்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன். இப்போது நான் கேட்பது அவசர உதவி அல்ல. அவசரமில்லாத உதவி. அதைக் கேட்பதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும்.

படிவங்கள் வாசல் மேசையில், பொருளாளருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது அளவீடு வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு. அதிபர் அனுமதி தந்துவிட்டார். வரும் பிள்ளைகள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வரவும்.