பிரதிநிதிக்கு ஒரு கடிதம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி மன்றச் செயலாளர் என்னைப் பணித்தார். கடிதம் எழுதுவதும் ஒரு விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அனுப்பிய கடிதங்களுள் எத்தனைக்குப் பதில் வந்தது என்று எண்ணிப் பார்த்தால், அது விஷயந்தான் என்பது விளங்கும்.

1807ஆம் ஆண்டில் நமது கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். அவரை அங்கே இருத்தியது தேசாதிபதியின் நியமனம். மக்களின் வாக்கு அன்று. இன்றோ புத்தளம் மாவட்டம் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. நாம் யாருக்கு வாக்களித்திருந்தாலும் அந்த எட்டுப் பேரும் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மிஷன் பாடசாலையில் எனக்குக் கடிதம் எழுதக் கற்பித்த ஆசிரியர், முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்று எழுதச் சொல்வார். அவர்மேல் எனக்குள்ள மதிப்புச் சிறிதும் குறையவில்லை. ஆனாலும் வாக்களித்தவன் ஊழியனா, வாக்குப் பெற்றவர் ஊழியரா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. பணிவு வேண்டும், கெஞ்சுதல் வேண்டாம்.

நமது கடிதங்களின் முதற் குறை, பாதை, விளக்கு, வேலைவாய்ப்பு, விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டி அனுப்புவது. பத்தைக் கேட்டவனுக்கு ஒன்றும் கொடாமல் விடுவது எளிது. ஆகவே ஒன்றையே கேட்போம். நான் கேட்க விரும்புவது நமது கிணற்றுத் தண்ணீரைப் பற்றியது.

நாம் மணல் மேல் வாழ்கிறோம். வெங்காயமும் மிளகாயும் விளைவது இந்த மணலில். குடிதண்ணீர் ஊறுவதும் இதே மணலில். பயிருக்கு இடும் யூரியாவில் பயிர் உண்டதுபோக எஞ்சியது, இறைக்கும் நீரோடும் மழையோடும் கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கிறது. குடிதண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறியிருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமை குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

இதை எப்படி எழுதுவது? ‘நல்ல தண்ணீர் தாருங்கள்’ என்றால், ‘ஆவன செய்வோம்’ என்று பதில் வரும். ‘எத்தாளையில் குடிக்கப் பயன்படும் கிணறுகள் அனைத்தையும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் ஊரறிய ஒட்டச் செய்யுங்கள்’ என்று முதல் வரியிலேயே கேளுங்கள். அடுத்து, எத்தனை கிணறுகள், எத்தனை வீடுகள், எத்தனை கைக்குழந்தைகள் என்று நாமே வீடு வீடாகச் சென்று எண்ணிய கணக்கை எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, முன்னர் செய்த பரிசோதனைகளின் முடிவுகளைக் கேட்டுப் பெற்று இணையுங்கள். பிறகு, உறுப்பினரால் செய்யக்கூடியதைக் குறிப்பிடுங்கள்: அமைச்சரிடம் சபையில் வினா எழுப்பலாம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசலாம், நமது மனுவைப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குச் சமர்ப்பிக்கலாம். எந்தத் திகதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம் என்றும் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 1988இன் பதினாறாம் திருத்தம் உறுதி செய்தது.

ஒன்று மட்டும் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தப் பசளையை மணலில் இட்டது வேற்றூரார் அல்லர். இட்ட கைகள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன. ‘இதை எழுதினால் நமது பயிருக்குத் தடை வராதா?’ என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரது அச்சம் நியாயமானதே. வெங்காயம்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. இருந்தும் அதை மறைத்து எழுதினால், நமது கடிதத்தின் ஓட்டையை அதிகாரி ஒருவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். ‘எங்கள் பங்கும் இதிலுண்டு, பசளையை அளவாக இடும் முறையைக் கற்றுத் தந்தால் கைக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்’ என்று நாமே எழுதினால், மறுப்பதற்கு அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

கோயிலார், மாதா கோயிலார், பள்ளிவாசலார் எல்லாரும் ஒரே மணலின் நீரையே குடிக்கிறோம். ஆதலால் கையொப்பமும் எல்லாரிடமும் பெறுவோம். பேனாவும் தாளும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கிணற்றுக் கணக்கெடுக்கப் பத்து இளைஞர்கள் முன்வந்து பெயர் தந்தால், எனது பேச்சு பயன்பெற்றது என்று மகிழ்வேன்.