கவிதை கடல் கடக்கும் விதம்



இணையம் என்றவுடன் வானில் மிதக்கும் நூலகம் ஒன்று பலர் நெஞ்சிலும் தோன்றுகிறது. அது நூலகமன்று, அஞ்சல் முறை. கடல் தாண்டும் செய்திகளுள் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியே செல்வதுமில்லை. கடலடியிற் கிடக்கும் கண்ணாடியிழை வடங்களில் ஒளித்துடிப்புகளாகச் செல்கிறது. சென்னையிலும் அத்தகைய வடங்கள் கரையேறுகின்றன.

சென்னைக் கவிஞர் ஒருவரின் பாடல் டொராண்டோ நண்பருக்குப் போவதாகக் கொள்வோம். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. இன்று வழங்கும் ஒருங்குறியில் அது ஐந்து குறி: தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி. தொல்காப்பியர் மெய்யின்மேல் உயிரை ஏற்றினார். கணினியோ அகரமேறிய மெய்யை முதலில் வைத்து, அகரத்தை நீக்கப் புள்ளியைப் பின்னர் ஒட்டுகிறது. இலக்கணம் கற்றோர்க்கு இது தலைகீழாகப் படும், படுவதில் தவறுமில்லை. பெருவழக்கான யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டு வீதம் அச்சொல் 15 பைட்டாகிறது.

இனிப் பயணம். செய்தி சிறு பொதிகளாக வெட்டப்படும். ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. ஒரு வெண்பா ஒரே பொதியில் அடங்கும். நெடும்பாடல் பலவாகப் பிரியும். வெட்டும் கத்திக்கு அசையும் தெரியாது, சீரும் தெரியாது. ஓரெழுத்தின் நடுவிலும் விழும். ஒவ்வொரு பொதியின் தலையிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசையெண் உண்டு. இடையிலுள்ள திசைவிகள் முகவரியைப் பார்த்து அடுத்த கைக்குத் தள்ளிவிடும். பொதிகள் வெவ்வேறு வழியிற் போகலாம், முன்பின்னாகலாம், தொலைந்தும் போகலாம். பெறும் கணினி வரிசையெண் பார்த்து அடுக்கி, வந்தவற்றிற்கு ஒப்புதல் அனுப்பும். ஒப்புதல் வாராதது மீண்டும் அனுப்பப்படும். விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட இவ்வமைப்பின் வளர்ந்த வடிவம், 1.1.1983 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், பிழையின்றிச் சேர்வது வேறு. படிக்கக் கிடைப்பது வேறு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல. அவற்றின் குறிமுறைகளும் பல. ஒன்றில் ககரத்திற்குரிய எண் மற்றொன்றில் வேறெழுத்தாக இருந்தது. ஒரு பைட்டும் சிதையாமல் வந்த கவிதை திரையில் பொருளற்ற கிறுக்கலாய் நின்றது. வலையின்மேல் குற்றமில்லை, உடன்பாடின்மையே குற்றம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்களும் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டியிருந்தன.

அக்காலத்தில் தட்டெழுதிய கவிதைகளை வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற இன்றும் வழியுண்டு. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை முதலில் ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். அது மறந்துபோயின் மாற்றுவது பெரும்பாடு.