நீச்சல் தெரிஞ்சவங்க மேலயும் ஒரு கண் இருக்கணும்

இன்னிக்கு நீச்சலைப் பத்திப் பேசலாம். மெடல், ரெக்கார்டு பத்தி இல்லை. ரொம்ப நல்லா நீந்தத் தெரிஞ்ச ரெண்டு பேருக்குத் தண்ணிக்குள்ள என்ன நடந்ததுங்கிறதைப் பத்தி.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, எனக்கு என்ன ஆகப்போகுது?" இந்த வார்த்தையை நாம எல்லாரும் கேட்டிருப்போம். நான் இதைக் கேட்கிறப்பல்லாம் எனக்கு ஞாபகம் வர்ற பேர், அனிதா அல்வாரெஸ்.

2022 ஜூன் 22. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரம். உலக நீச்சல் சாம்பியன்ஷிப். அனிதா அமெரிக்க வீராங்கனை, அப்போ வயசு 25. அவங்க ஆடுறது ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங். இசைக்கு ஏத்த மாதிரி தண்ணிக்குள்ள ஆடுற நடனம்னு வெச்சுக்கோங்க. தலைகீழா நின்னுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, முழு வேகத்துல கால்களைச் சுழற்றணும். பார்க்க அழகா இருக்கும். உடம்புக்கு அது பெரிய சோதனை.

அன்னிக்கு அவங்க ஆட்டத்தை முடிச்சாங்க. முடிஞ்சதும் மூச்சு வாங்க மேல வரணும். ஆனா அவங்க கீழே போனாங்க. கத்தல் இல்லை, கையை ஆட்டலை. மயங்கி, அமைதியா குளத்தோட அடிக்குப் போயிட்டாங்க.

அவங்க கோச் ஆண்ட்ரியா ஃபுவென்டெஸ், போட்டிருந்த டி-ஷர்ட், ஷார்ட்ஸோட அப்படியே குதிச்சு, அடியில இருந்து அவங்களை மேல தூக்கிட்டு வந்தாங்க. லைஃப்கார்டுகள் இறங்காததாலதான் தானே குதிச்சதா பிறகு சொன்னாங்க. இது முதல் தடவையும் இல்லை. 2021ல பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியிலும் அனிதா மயங்கினாங்க. அப்பவும் குதிச்சது இதே ஆண்ட்ரியாதான்.

ஆண்ட்ரியாவால எப்படி முடிஞ்சுது? அவங்க ஸ்பெயினுக்காக நாலு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவங்க. ஆட்டம் முடிஞ்ச அடுத்த நொடி அனிதா என்ன பண்ணணும்னு அவங்களுக்குத் தெரியும். அது நடக்கலைங்கிறது உடனே கண்ணுல பட்டுச்சு. ஏன்னா அவங்க கண் அனிதா மேலயே இருந்தது. அனிதா பிழைச்சாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் அவங்களும் இருந்தாங்க.

இப்போ இன்னொருத்தர் கதை. ஃப்ரான் கிரிப்பன். அவரும் அமெரிக்கர். குளத்துல இல்லை, கடலில் நீளமான தூரம் நீந்துகிறவர். 2009ல ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் 10 கிலோமீட்டர் போட்டியில் வெண்கலம் வாங்கினவர். 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் உலகக் கோப்பைப் போட்டி. அதே 10 கிலோமீட்டர். கடல்நீர் ரொம்பச் சூடா இருந்ததுன்னு கூட நீந்தினவங்களே சொன்னாங்க.

போட்டி முடிஞ்சது. ஃப்ரான் மட்டும் கரைக்கு வரலை. "ஃப்ரான் எங்கே?"ன்னு தேட ஆரம்பிச்சது அவரோட சக வீரர்கள். நீந்திக் களைச்சவங்களே திரும்பக் கடலில் இறங்கித் தேடினாங்க. போட்டி முடிஞ்சு சுமார் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் உடல் கிடைச்சது. வயசு 26.

வேர்வை காற்றில் ஆவியானால்தான் உடம்பு குளிரும். தண்ணிக்குள்ள வேர்வை ஆவியாகாது. சூடான தண்ணியில ரெண்டு மணி நேரம் முழு பலத்தோட நீந்தினா உடம்புக்குள்ள சூடு ஏறிக்கிட்டே போகும். அந்த மரணத்துக்குப் பிறகுதான் இந்தப் போட்டிகளுக்குத் தண்ணீரின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாதுன்னு விதி வந்தது.

ரெண்டு பேருமே உலகத் தரம். திறமையில குறை இல்லை. ஒருத்தரை ஒரு ஜோடிக் கண் பார்த்துக்கிட்டே இருந்தது. இன்னொருத்தர் முங்கினதை யாருமே பார்க்கலை. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இந்த எபிசோடு.

இது நமக்கு எங்கே வருதுன்னா, அப்பார்ட்மெண்ட் குளத்துல, ரிசார்ட்டுல ஃப்ரெண்ட்ஸோட விளையாடுற "யார் அதிக நேரம் மூச்சடக்குறது" போட்டியில. முங்குறதுக்கு முன்னாடி சிலர் வேகவேகமா மூச்சு இழுத்து விடுவாங்க, ஆக்ஸிஜன் ஏறும்னு நினைச்சு. உண்மையில் ஆக்ஸிஜன் பெரிசா ஏறாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு வாங்கணும்னு நமக்குத் தவிப்பு வர்றதே அந்தக் கார்பன் டை ஆக்சைடு கூடுறதாலதான். அதைக் குறைச்சிட்டா அலாரத்தை அணைச்ச மாதிரி. தவிப்பு வர்றதுக்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும். இடுப்பளவு தண்ணியிலும் இது நடக்கும். நல்லா நீந்துறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏன்னா அவங்கதான் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கப் பார்ப்பாங்க.

மூழ்குறவங்க சினிமாவில் வர்ற மாதிரி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டாங்க. வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடியில மூச்சு விடத்தான் நேரம் இருக்கும், பேச இருக்காது. கை பக்கவாட்டில் தண்ணியை அழுத்தும், உடம்பு நேரா நிற்கும், தலை பின்னால சாயும். 20 முதல் 60 விநாடிக்குள்ள முங்கிடுவாங்க. ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரம்தான்.

அதனால அடுத்த தடவை தண்ணிக்குப் போறப்போ நாலு விஷயம் பண்ணுங்க.

ஒண்ணு, தனியா இறங்காதீங்க. கரையில ஒருத்தர், கையில ஃபோன் இல்லாம, பார்க்கிறதை மட்டுமே வேலையா வெச்சுக்கட்டும். அரை மணிக்கு ஒருத்தர்னு மாத்திக்கலாம்.

ரெண்டு, மூச்சடக்குற போட்டி வேண்டாம். யாராவது ஆரம்பிச்சா நிறுத்துங்க.

மூணு, யாராவது முங்கினா பயிற்சி இல்லாம பின்னாடியே குதிக்காதீங்க. கயிறு, துப்பட்டா, மூடி போட்ட காலி வாட்டர் கேன், எது கிடைக்குதோ அதைத் தூக்கிப் போடுங்க. 108க்குக் கூப்பிடச் சொல்லுங்க.

நாலு, வெளிய எடுத்தவர் மூச்சு விடலைன்னா வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. வாயோடு வாய் வெச்சு மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தணும். இந்த சிபிஆர் பயிற்சி ஒரு நாள்ல கத்துக்கலாம். கத்துக்கோங்க.

உங்க கூட நீந்தப் போற குரூப்ல "இன்னிக்கு யார் பார்த்துக்கிறது?"ன்னு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. முதல்ல சிரிப்பாங்க, பரவாயில்லை, கேளுங்க.