திரையில் தோன்றும் நிறம்

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் காணும் உண்மை ஒன்று உண்டு. சொல் ஒன்றாகவே இருக்கும். பொருள் இடத்துக்கு இடம் வேறுபடும். 'அவகாசம்' என்றால் தமிழில் ஒரு செயலுக்கு வேண்டிய காலம். அதே சொல் இந்தியில் 'அவகாஷ்' என்று வரும்போது விடுமுறையைக் குறிக்கும். கணினித் திரையில் தோன்றும் நிறங்களின் நிலையும் இதுவே.

கணினி நிறத்தை அறியாது, எண்ணைத்தான் அறியும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் உண்டு. பெரும்பாலும் அவை 0 முதல் 255 வரை இருக்கும். 255, 0, 0 என்றால் முழுச் சிவப்பு. ஆனால் எந்தச் சிவப்பு? குங்குமமா, செம்பருத்தியா? எண் அதைச் சொல்வதில்லை. அந்தந்தத் திரை தன் இயல்புக்கேற்ற சிவப்பைக் காட்டிவிடுகிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். அஜந்தா ஓவியம் ஒன்றைப் படமெடுத்த ஒருவர், தம் திரையில் காவி நிறம் வெளிறித் தோன்றுவதைக் கண்டு அதை அழுத்தமாக்கிச் சேமித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிழை திரையினுடையது, திருத்தமோ படத்தில் ஏறிவிட்டது. மூல ஓவியம் மங்கும் காலத்தில், அந்தப் பொய்ந்நிறமே சான்றாக நிற்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. மனிதக் கண் காணும் நிறங்களை எண்களால் குறிக்கும் பொது அளவை 1931-ஆம் ஆண்டிலேயே சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்தது. 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச வண்ணக் கூட்டமைப்பை நிறுவின. ஒரு கருவியின் எண்களைப் பொது அளவையோடு இணைத்துக் காட்டும் 'புரொஃபைல்' என்னும் விவரக் கோப்பு அதன் பயனாகக் கிடைத்தது. அதை அந்தத் திரைக்குரிய அகராதி எனலாம். வண்ணமானியைத் திரைமீது வைத்து, 'ஆர்கில்' போன்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு எவரும் அதை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அகராதி இருந்தால் மட்டும் போதுமா? அதைப் புரட்டுவோர் வேண்டாமா? லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிவந்த எக்ஸ் சாளர முறையில், அந்த வேலை ஒவ்வொரு மென்பொருளின் பொறுப்பாகவே இருந்தது. ஜிம்ப், கிரிட்டா போன்றவை அகராதியைப் பார்த்தன. வேறு பல பார்க்கவில்லை. ஆகவே ஒரே படம், ஒரே திரையில், இரண்டு சாளரங்களில் இரண்டு நிறமாகத் தோன்றியது. 2011-இல் வெளிவந்த க்னோம் 3.2, எந்தத் திரைக்கு எந்த விவரக் கோப்பு என்ற கணக்கை 'கலர்டி' என்னும் சேவையைக் கொண்டு ஒழுங்குபடுத்தியது. எனினும் பெயர்க்கும் வேலை பெரும்பாலும் மென்பொருள்களிடமே நின்றது.

பின்னர் வந்த வேலண்ட் முறையில் எல்லாச் சாளரங்களையும் ஒன்றாகக் கோத்துத் திரைக்கு அனுப்பும் பகுதிக்குக் 'கம்பாசிட்டர்' என்று பெயர். நம் அச்சகங்களில் எழுத்துக் கோத்தவரும் கம்பாசிட்டர்தாம்! எல்லாம் கடந்து செல்லும் வாயில் இதுவாகையால், நிறத்தைப் பெயர்க்கவும் இதுவே தக்க இடம். 2024 பிப்ரவரியில் வந்த கேடிஈ பிளாஸ்மா 6, திரைக்குத் திரை தனித்தனி விவரக் கோப்பை வைத்து இவ்வேலையைத் தொடங்கியது. பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 2025 பிப்ரவரியில் வேலண்டின் வண்ண மேலாண்மை நெறிமுறை ஏற்கப்பட்டது.

அதன் சாரம் எளிது. தன் எண்கள் எந்த அளவையைச் சேர்ந்தவை என்பதை மென்பொருள் அறிவிக்க வேண்டும்; திரைக்கேற்பப் பெயர்ப்பது கம்பாசிட்டரின் கடமை. அறிவிப்பு தவறினால் புதிய இடர் வரும். மென்பொருள் முன்பே பெயர்த்ததை மூலமென்று கருதிக் கம்பாசிட்டர் மறுபடி பெயர்த்தால், நிறம் இருமுறை பிறழும். மொழிபெயர்ப்பிலும் இந்த விபத்து புதிதன்று.

கட்டற்ற மென்பொருளில் இந்தக் கணக்கு முழுவதும் எவரும் சரிபார்க்கத்தக்கது. சான்றைக் காக்கும் காப்பகங்களுக்கு இது சிறு நன்மையன்று. வண்ணமானி வாங்க இயலாதோர், திரையின் அமைப்பில் எஸ்.ஆர்.ஜி.பி. என்பது இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். திரை நாளடைவில் மாறும் இயல்புடையது. ஆதலால் அளந்தவர்களும் அவ்வப்போது மீண்டும் அளக்க வேண்டும். எவராயினும் மூலப் படத்தைத் திருத்தாமல் தனியே காத்து, படியில் மட்டுமே கைவைப்பது நலம்.